நாற்காலியை விட்டு இறங்காத நம் ரோத்யா

பேரன்புள்ள தைசியா அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும், வோல்கா கரையிலிருந்து உடன்பிறந்தவன் ஆர்செனி வணக்கத்துடன் எழுதுவது. நானும் கிளாவாவும் நலம். என் வலது கை மட்டும் நலமில்லை, அது பின்னால் வரும். அங்கே பனி தொடங்கியிருக்கும், அத்தானைத் தொப்பியில்லாமல் வெளியே விடாதே.

நம் தம்பி ரோத்யா கட்சிக்குத் துரோகம் செய்தான் என்று உங்கள் ஊர்ப் பேப்பரில் வந்ததும், நீ அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாக அத்தான் போனில் சொன்னார். அக்கா, மறுபடி மாட்டு. ரயில் பட்டறையில் என் பக்கத்தில் நின்று கடைசல் பிடித்தவன், பட்டறைப் பத்திரிகையில் எழுதி எழுதி மாகாணப் பத்திரிகைக்கே ஆசிரியரானான். சோவியத் உடைந்து கட்சியைத் தடைசெய்த வருஷம் பெரிய பெரிய தோழர்களெல்லாம் உறுப்பினர் அட்டையைக் கிழித்துவிட்டு வங்கி தொடங்கப் போனார்கள். இவன் என் சமையலறையில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தினான், ஒவ்வொரு பக்கத்திலும் கிளாவாவின் புளித்த முட்டைகோஸ் வாசம் அடித்தது. அந்த வாசத்துக்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டு மாகாணச் சட்டசபையான டூமாவுக்கு அனுப்பினார்கள், டூமா அவனைச் சபாநாயகராக்கியது. முதல் நாளே இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் டையை ஒருவர் பிடித்து இழுக்க, நம் ரோத்யா குரலைக்கூட உயர்த்தாமல், "கேன்டீன்ல இன்னிக்கு மீன் கட்லெட். சண்டை முடிஞ்சவங்களுக்குத்தான் தருவாங்க" என்றான். சபை அடங்கியது.

இந்த இலையுதிர்காலத்தில் எதிர்த்தரப்பு நம் ஆட்களிடமிருந்து சபைக் குழுத் தலைவர் பதவிகளைப் பறித்தது. கோபத்தைக் காட்ட, ரோத்யாவும் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்றது கட்சி. "ஆஸ்பத்திரி வெப்பக்குழாய் மசோதா பாதியில கெடக்கு. நான் எறங்குனா எதிர்த்தரப்புல இருக்கிற அந்த மரவியாபாரி ஏறுவான், குளிர்காலம் முழுக்க நோயாளிங்க நடுங்குவாங்க. சபை ஏத்துச்சு, சபையே எறக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். அவனை நீக்க எங்கள் கிளையில் கூட்டம். கிளைச் செயலாளர் யார், நான். அதற்குச் சில நாள் முன்புதான் தோட்டவீட்டில் ஆப்பிள் பறிக்க ஏணியில் ஏறி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் கையைத் தோளுக்கு மேலே நிற்கும்படி கட்டி, இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸில் எல்லாரும் நான் கம்பியைப் பிடித்திருப்பதாக நினைத்து இடமே தரவில்லை. கூட்டத்தில் மாவட்டத் தலைவர் போல்திரேவ், "நீக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்; முதலில் என் கையைத்தான் எண்ணினார்.

"தோழர், இது டாக்டர் தூக்குன கை. என் ஓட்டு எதிர்ப்பு" என்றேன்.

"தம்பிங்கற பாசமா?"

"பாசம் இல்லாம இருக்குமா? ஆனா அதுக்காக இல்ல. கட்டுப் போட்டுக்கிட்டு அந்த ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். கோட்டு, தொப்பியோட தூங்கினோம். நீங்களும் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க, அப்புறம் கை தூக்குங்க."

சிலர் தூக்கிய கையை இறக்கினார்கள், ஆனால் போதவில்லை. அவனையும் நீக்கினார்கள், என்னையும் நீக்கினார்கள். அன்று மாலையே ரோத்யா கறுப்புக் காரில் தேன் கேக்கோடு வந்து இறங்கினான். "உனக்கு எதுக்குண்ணே இந்த வேல? நம்ம வீட்ல ஒருத்தராவது கட்சியில இருக்க வேண்டாமா?" என்று சத்தம் போட்டான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் மூக்கைச் சிந்தினான்.

மசோதா ஓட்டெடுப்புக்குப் போனது. பார்வையாளர் மாடத்தில் என் கை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ரோத்யா, "மாடத்துல கை தூக்கியிருக்கிற தோழருக்குப் பேச அனுமதி இல்ல. வீட்டுக்குப் போய்ச் சூடா சூப் குடிங்க" என்றான். சபையே சிரித்தது. மசோதா நிறைவேறியது, மரவியாபாரியின் ஆட்களே பாதிப் பேர் ஆதரித்தார்கள். மறுவாரமே ஆஸ்பத்திரியில் குழாய்களை மாற்றினார்கள். நேற்றுக் கட்டுப் பிரிக்கப் போனபோது வார்டில் வேர்த்தது அக்கா. நர்சிடம், "இது என் தம்பி போட்ட சூடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி நம் குடும்பத்தில் எவனும் எந்தக் கட்சியிலும் இல்லை, நிம்மதி.

உன் முட்டிவலி தீரட்டும், அத்தானின் அடுப்பு அணையாமல் எரியட்டும். கிளாவா உங்கள் இருவரையும் கட்டித் தழுவுகிறாள்.

உன் தம்பி,
ஆர்செனி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரோத்யா புதுக் கட்சி தொடங்கிவிட்டான். என்னை உறுப்பினராகச் சேரச் சொன்னான். நான் மூக்கு துடைத்துவிட்ட பயலைத் தலைவர் என்று கூப்பிட எனக்கு வாய் வருமா? பழைய கட்சிக்கே திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். போல்திரேவ் கட்டியணைத்துச் சேர்த்துக்கொண்டு, வரும் தேர்தலில் அவனுக்கு எதிராக என்னையே நிறுத்திவிட்டார். ஓட்டை அவனுக்குத்தான் போடப்போகிறேன். கிளாவாவுக்குத் தெரிய வேண்டாம், அவள் எனக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.