பதினைந்து நாழிகை

ஒரு வீட்டில் படித்தவர் ஒரேயொருவராக இருந்தால், அவர் பிழை விடும்போது திருத்த ஆளிருக்காது. எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். (பட்டமளிப்புப் படம் இன்னமும் வாசலுக்கு நேரே தொங்குகிறது. மாட்டியதும் நான்தான்.)

கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் குடியிருந்து, பொதுக் குசினியில் வரிசையில் நின்று சமைத்தவர் அம்மா. எனக்கு வேலை கிடைத்ததும் வெள்ளவத்தையில் தனிக் குசினியோடு ஒரு சின்ன வாடகை வீடு எடுத்தோம். அம்மாவுக்கு ஒரே ஆசை: அந்தப் புது அடுப்பில் முதல் பால் நல்ல நேரத்தில் பொங்க வேண்டும்.

ஐயருக்குப் போன் எடுத்தேன். வயதான மனிதர், மணிக்கூட்டை மதிக்காதவர். "வியாழக்கிழமை பதினைஞ்சு நாழிகைக்குக் காய்ச்சுங்கோ. நானும் வந்திடுவன்."

"அது எத்தினை மணியெண்டு கேள் பிள்ளை," என்றார் அம்மா.

"இதையெல்லாம் போய்க் கேக்கிறதோ?" போனை வைத்துவிட்டேன். ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடம். பதினைந்தால் பெருக்கி அறுபதால் பிரித்தேன். "காலமை ஆறு மணி அம்மா!"

அம்மா பெருமையோடு பார்த்த பார்வையே எனக்கு இன்னொரு பட்டம்.

வியாழன் விடியுமுன்னரே மட்டக்குளியிலிருந்து சித்தப்பா குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஐயரைத்தான் காணவில்லை.

"வியாழக்கிழமை ஆறு மணி எமகண்டமெல்லே?" சித்தப்பா இழுத்தார்.

"ஐயருக்குத் தெரியாததோ, சித்தப்பா? நேரம் போகுது!" ராக்கெட் விடுவதுபோலப் பத்திலிருந்து கீழே எண்ணினேன். சரியாக ஆறுக்குப் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் ஐயரைப் பிடித்து ஏச, போனை ஸ்பீக்கரில் போட்டேன். (என் வெற்றியைச் சனம் கேட்க வேண்டாமா?)

"எங்கை ஐயா நிக்கிறியள்? பால் பொங்கியாச்சு!"

"என்ன பிள்ளை, நான் சொன்னது மத்தியானம் பன்னிரண்டுக்கெல்லோ! நாழிகையை எங்கையிருந்து எண்ணினனீர்?"

"நடுச்சாமத்திலயிருந்து..."

"சூரியன் எழும்பினதிலயிருந்தெல்லோ எண்ணவேணும்!"

அம்மா அடுப்பில் வழிந்த பாலைத் துடைக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவேயில்லை. சித்தப்பாதான் வாயைத் திறந்தார்: "எமனுக்குப் பால் காய்ச்சிக் குடுக்கவோ இவள் கம்பஸ் போய்ப் படிச்சவள்?"

துணியை அப்படியே போட்டுவிட்டு அம்மா நிமிர்ந்தார். "என்ர பிள்ளையின்ர கணக்குச் சரி. சூரியன்தான் ஆறு மணித்தியாலம் பிந்தி எழும்பினது." பிறகு என்னிடம், மெதுவாக: "ஓடிப்போய் இன்னொரு பால் பைக்கற் வாங்கிக்கொண்டு வா."

ஐயர் முன்னிலையில் பால் இரண்டாம் தரம் பொங்கும்வரை ஒருவருக்கும் சாப்பாடு இல்லையென்பது அம்மாவின் கட்டளை. பன்னிரண்டுக்குப் பொங்கியபோது கைதட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பிந்தி வந்தாலும் பழி சூரியனுக்குத்தான். போன மாதம் என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் மாட்டுப்பட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது:

"பரவாயில்லை தம்பி, வாங்கோ! எங்கட வீட்டில சூரியன் இப்பத்தான் எழும்புது."