கற்பூரத்தோடு நான் போட்ட பத்திரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் என் கூட்டாளி கற்பூரத்தைப் போல லேத் ஓட்டுகிறவன் கிடைக்க மாட்டான். அவனைப் போலக் காகிதத்துக்குப் பயப்படுகிறவனும் கிடைக்க மாட்டான். சொல்வது நான். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்று பதினோரு மெஷினுக்கு முதலாளி. சரி, பாதி முதலாளி. மீதிப் பாதி கற்பூரம்.

எதற்கெடுத்தாலும் கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வான். பெயர் வந்த கதை அவ்வளவுதான். ஷெட்டும் கரண்டும் என் பெயரில். உலோகம் கடைகிற பழைய லேத் மெஷின் அவனுடையது. தொழில் தொடங்கிய அன்று பத்திரம் என்று நான் வாயெடுத்தேன்.

"பேப்பரு சண்டக்காரனுக்குடா! நமக்கு இன்னாத்துக்கு?" என்று மெஷின் மேலேயே கற்பூரத்தை ஏற்றினான். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. நான் மட்டும் சாக்கைப் போட்டு அணைக்காவிட்டால் மெஷினோடு நாங்களும் எரிந்திருப்போம்.

இரண்டு வருஷம் ஜோராகப் போனது. பிறகு ஒரு பம்ப் கம்பெனி, மாதாமாதம் இரும்பு ஷாஃப்ட் கடைந்து தர முடியுமா என்று கேட்டது. எங்கள் தலையெழுத்தையே மாற்றுகிற ஆர்டர். நான் சரி என்றேன். கற்பூரம் மாட்டேன் என்றான். பித்தளையில் நுணுக்க வேலை செய்கிறவனாம், இரும்பை மாடு மாதிரி கடைய மாட்டானாம். யார் சொல்வது செல்லும்? சத்தியத்தில் அது வரவில்லை.

"மெஷினு என்னுது. தொடாத!"

"அப்ப கரண்டு என்னுது!" என்று மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

மூன்று நாள், ஓடாத மெஷினுக்கு அவன் எண்ணெய் விட்டான். நான் பூட்டின சுவிட்சுக்குக் காவல் இருந்தேன்.

கம்பெனி மேனேஜர் வந்தார். "இங்க யாருங்க ஓனரு?"

"நான்தான்!" இரண்டு பேரும் கத்தினோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பார்ட்னர்ஷிப் பத்திரம் காட்டுங்க. இல்லேன்னா ஆர்டரு பக்கத்து ஷெட்டுக்குப் போயிடும்."

கற்பூரத்தின் முகம் தொங்கிவிட்டது. பிடிக்காத ஆர்டர்தான், ஆனால் அதைப் பக்கத்து ஷெட்காரன் கடைவதை அவனால் தாங்க முடியாது.

திருவள்ளூர் வக்கீலிடம் ஒரே பைக்கில் போனோம். பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் டூல்ஸ் பையை வேலி மாதிரி வைத்து உட்கார்ந்து வந்தான்.

வக்கீல் கேட்டுக் கேட்டு எழுதினார். மெஷின் யாருடையது, ஒருவர் விலகினால் என்ன, ஆர்டரை யார் முடிவு செய்வது. பித்தளைக்கு அவன் சொல், இரும்புக்கு என் சொல் என்று முடிவானது. அப்புறம், "ரெண்டு பேருல ஒருத்தர் செத்துட்டா?" என்றார்.

"இன்னா சார், வாயில நல்ல வார்த்தயே வராதா?" கற்பூரம் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க. இருக்கறவர் நடுரோட்டுல நிக்கக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தான். மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்ப எழுதிக்கோ சார். நான் செத்துப் பூட்டா என் பங்கு என் சம்சாரத்துக்கு. ஆனா மெஷின மட்டும் எவனும் இவன்கிட்டருந்து புடுங்கக் கூடாது. பெருசா பீத்திக்கினு திரிவான் சார், வேற ஒரு வேலயும் தெரியாது இவனுக்கு."

கையெழுத்துப் போட்டோம். ஆர்டர் கைக்கு வந்தது. ஒரு மெஷின் பதினொன்றானது என் சாமர்த்தியத்தால். இரண்டு பேரும் இன்னும் ஒரே ஷெட்டில் இருப்பது பத்திரத்தால். தொழில் தொடங்குகிறவர்களே, சிநேகம் நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

எங்கள் பத்திரத்தில் மற்ற வரிகளெல்லாம் தினமும் பயன்படுகின்றன. அவன் சொல்லி எழுதிய அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு எந்நாளும் பயன்படவே வேண்டாம்.