துவக்குப் பெட்டியின் சாவி

எங்கள் ஆட்களுக்குச் சின்ன சைஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐந்து கிலோ அரிசிப் பையோடு யாராவது கவுண்டருக்குப் போனால், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று கடைக்காரர் விசாரிப்பார். டிவி வாங்கினால் பாதி ஜன்னலாவது மறைய வேண்டும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் முன்பக்கத்தில் பஞ்சு அடைக்க வேண்டும். (வளருகிற பிள்ளைதானே.) கால் சரியாகப் பொருந்துகிற காலம் வரும்போது சப்பாத்து பிய்ந்துபோயிருக்கும் என்பது வேறு விஷயம். இப்படி வளர்க்கப்பட்ட ஒருவன் துப்பாக்கி எடுக்கப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நான்தான் சாட்சி.

நான் கண் பரிசோதிப்பவன். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் வீடு, ஹரோவில் வேலை. ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? ஒன்றா, இரண்டா?" என்று நாள் முழுக்கக் கேட்பதே பிழைப்பு. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் திருப்பிக் கேட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என்னிடம் கண்ணாடிக்கு வந்தவர்தான் கிரஹாம். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், வெள்ளைக்காரர். குறி பார்க்கும்போது துப்பாக்கி முனையில் இருக்கிற சின்ன வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கேற்ற கண்ணாடி வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். சந்தோஷத்தில், "ஒருநாள் எங்கள் கிளப்புக்கு விருந்தாளியாக வாருங்கள்" என்று கூப்பிட்டார்.

கிளப் என்றால் ஒரு நீண்ட கூடம். பாயில் குப்புறப் படுத்து, எதிர்ப்பக்கம் தொங்குகிற காகித வட்டத்தைச் சுட வேண்டும். குப்புறப் படுப்பதில் எங்கள் தலைமுறைக்கு நல்ல பயிற்சி உண்டு. (சின்ன வயதில், ஊரில் சண்டை நடந்தபோது, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் யாரும் சொல்வதற்கு முன்பே படுத்துவிடுவோம்.) கிரஹாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "உங்களுக்கு இது இயல்பாகவே வருகிறது" என்று பாராட்டினார். எப்படி வந்தது என்று நான் விளக்கவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்துப்போனது. மூச்சை அடக்கி, விரலை மெல்ல அழுத்தி, காகிதத்தில் ஓட்டை விழுகிற அந்த நேரத்தில் வீட்டு மோட்கேஜ் கடன் இல்லை, வேலையிடத்து பொஸ் இல்லை, வாட்ஸ்அப் குழு இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவன் தன் கண்ணால் ஒன்றைப் பார்க்கிற நேரம் அது. எனக்கென்று ஒரு பொழுதுபோக்கு கிடைத்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

வீட்டில் மாமி இருந்தார். மனைவி மைதிலியின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர்.

"துவக்கோ?" என்றார். (ஊரில் துப்பாக்கிக்கு அதுதான் பேர்.) "துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே தம்பி இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் சந்தா கட்டிப் போய்க் கேக்கிறியளோ?"

 

ஆனாலும் போனேன். சில மாதங்களில் முழு அங்கத்தவன் ஆனேன். இனிச் சொந்தத் துப்பாக்கிக்குப் பொலிஸிடம் அனுமதி கேட்கலாம் என்றார் கிரஹாம். இந்த நாட்டில் அது லேசான காரியம் இல்லை. என்ன கலிபர், அதாவது குழலின் விட்டம் என்ன என்பதை முதலே சொல்ல வேண்டும். அது எதற்கு என்பதற்கு நல்ல காரணம் சொல்ல வேண்டும். அதிகாரி வீட்டுக்கே வந்து ஆளையும் பூட்டையும் பார்ப்பார்.

கிரஹாம் இரண்டு துப்பாக்கி ரவைகளை மேசையில் நிறுத்தி வைத்தார். ஒன்று பாயின்ட் டூ டூ, சுண்டுவிரல் நுனியளவு. மற்றது த்ரீ நாட் எயிட், நடுவிரல் நீளம்.

"சின்னது போதும். இந்தக் கூடத்தில் அதைத்தான் சுடலாம். பெரியது தூரத்துக்கு. அதற்குச் சர்ரே பக்கம் போக வேண்டும். சத்தம் அதிகம், உதைப்பும் அதிகம். உங்களுக்குச் சின்னது."

எவ்வளவு நல்ல மனுஷன். தெளிவான புத்தி சொன்னார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றா, இரண்டா?

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

எங்கள் ஆட்கள் தனியாக யோசிப்பது கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டனின் மறுபக்கம், தோர்ண்டன் ஹீத்தில் மைதிலியின் தம்பி கஜன் வீட்டில் பிறந்தநாள் விருந்து. கொத்து ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் விஷயத்தை உளறிவிட்டேன்.

"அத்தான், ஒண்டு இருபத்திரண்டு, மற்றது முந்நூற்றெட்டு" என்றான் கஜன். "இதில யோசிக்க என்ன கிடக்கு?"

"அது அப்பிடியில்லை கஜன். முன்னால புள்ளி கிடக்கு, அங்குலக் கணக்கு. ரெண்டுக்கும் குழல் அகலத்தில ஒரு கடுகளவு வித்தியாசம்தான்."

"கடுகளவு எண்டாலும் கூடத்தானே."

இந்தத் தர்க்கத்தை உடைக்க இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அண்ணை, "சின்னதை வாங்கிப்போட்டுப் பிறகு பெரிசுக்கு மாத்திறது வீண் அலைச்சல்" என்றார். (அவர் கார் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.) விருந்து முடிவதற்குள், நான் முந்நூற்றெட்டு எடுத்துவிட்டதாகவே செய்தி பரவிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குத் தெரியாத ஒருவர் வந்து கை கொடுத்தார். இனிமேல் போய் இருபத்திரண்டு என்றால் மானம் கப்பலேறிவிடும்.

முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை பெரியதைச் சுட்டுப் பாருங்கள் என்று கிரஹாம் என்னைச் சர்ரே பக்கத்து ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். காதுக்கு மூடி, மேலே ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் குறி. "கண்ணை ஸ்கோப்பில் இருந்து தள்ளியே வையுங்கள்" என்றார். தலையாட்டினேன். ஆனால் வில்லை வைத்த கருவியைக் கண்டால் கண்ணைக் கிட்டக் கொண்டுபோவது என் தொழில் பழக்கம். கொண்டுபோனேன். சுட்டேன்.

வானம் இடிந்து தோளில் விழுந்தது. ஸ்கோப் வந்து என் புருவத்தில் முத்தமிட்டது. கையை வைத்துப் பார்த்தால் இரத்தம். பிறைச் சந்திரன் வடிவத்தில் அச்சொட்டான வெட்டு. குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. குறியின் பக்கம் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கிரஹாம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அப்படியென்றால் சின்னதுதானே?"

"பெரியது" என்றேன், இரத்தம் ஒழுக ஒழுக. தோர்ண்டன் ஹீத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

அடுத்தது பெட்டி. துப்பாக்கியைச் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். சாவி இருக்கிற இடம் அனுமதி வைத்திருப்பவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. இதைக் கிரஹாம் எனக்குப் பலமுறை சொன்னார். ஒரு துப்பாக்கிக்கு ஒடுக்கமான பெட்டி போதும். நான் பத்துத் துப்பாக்கி கொள்கிற பெட்டி வாங்கினேன். (வளருகிற பிள்ளைதானே.) கஜன் வந்து அதைப் படிக்கட்டுக்குக் கீழே சுவரோடு சேர்த்து இறுக்கினான். சாவியை என் காலுறைகளுக்குள் ஒளித்து வைத்தேன். அந்தக் காலுறைகளைத் தோய்த்து மடித்து அடுக்குகிறவர் மாமி என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. மைதிலி வேலைக்குப் போய்விட்டாள். மாமி விடியற்காலையிலேயே எழுந்து ரோல்ஸும் வடையும் சுட்டு வைத்தார். "வீடு தேடி வாற பொலிஸுக்கு வெறும் தேத்தண்ணி குடுக்கிறதோ?"

வந்தவர் நடுத்தர வயதுப் பெண். சிரித்த முகம். வடை வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். மாமி அதை மரியாதைக்கு மறுப்பதாக எடுத்துக்கொண்டு தட்டை இன்னும் கிட்டத் தள்ளினார்.

அதிகாரி முதலில் என் புருவத்தைப் பார்த்தார். "என்ன நடந்தது?"

"ஸ்கோப் அடித்தது."

"எந்தத் துப்பாக்கியில்?"

"த்ரீ நாட் எயிட்."

"நீங்கள் கேட்டிருப்பதும் த்ரீ நாட் எயிட்தான்."

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

"அதற்கு நல்ல காரணம் என்ன?"

இதற்குப் பதிலை நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியிருந்தேன். தூரக் குறி, போட்டிகள், கிளப் பயணங்கள் என்று அழகான மூன்று வசனங்கள். வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். திருத்தமான ஆங்கிலத்தில், வகுப்புக்குச் சொல்வதுபோல் சொன்னார். (அதன் தமிழ் இது.)

"சின்னதை வாங்கினா ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

"உங்கள் மருமகன் எப்படிப்பட்டவர்?" என்று அதிகாரி மாமியையே கேட்டார். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்காக ஏதாவது நல்லது செய்ய அவருக்கு அன்றுதான் சந்தர்ப்பம் கிடைத்திருந்தது.

"தங்கமான பிள்ளை. கோவம் மட்டும் வரும்."

"கோபம் வருமா?"

"நல்லா வரும். ஆனா எங்கட ஆக்கள் சொல்லுறது, கோவம் இருக்கிற இடத்திலதான் குணமும் இருக்குமெண்டு. அதால கோவம் வாற ஆளை நம்பலாம்."

ஆயிரம் வருடமாகத் தமிழர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பேசப் பயன்படுத்துகிற வாசகம். துப்பாக்கி அனுமதி கேட்கிற வீட்டில் அது எப்படி ஒலிக்கும் என்பதை முன்னோர்கள் யோசித்திருக்க நியாயமில்லை. நான் அவசரமாக, "எனக்குக் கோபமே வராது" என்றேன். அதைக் கொஞ்சம் கோபமாகச் சொல்லிவிட்டேன்.

"சரி, பெட்டியைப் பார்க்கலாம்" என்றார் அதிகாரி.

மாடிக்கு ஓடினேன். இதையாவது சரியாகச் செய்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு காலுறைகளுக்குள் கையை விட்டேன். சாவி இல்லை. எல்லாக் காலுறைகளையும் உதறிக் கட்டிலில் கொட்டினேன். அப்போது கீழேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"தம்பி, அங்க தேடாதேங்கோ. சாவி பிள்ளையாருக்குப் பின்னால கிடக்கு."

நான் இறங்கி வருவதற்குள் மாமி சாமி அலுமாரியில் இருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்தும்விட்டார். சத்தியமாக நான் அதை வெறும் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். மேல்தட்டில் மைதிலியின் கல்யாணக் கூறைச்சேலை, வெள்ளைத் துணியில் பொதிந்து. அதன் கீழே நகைப் பெட்டிகள். அதன் கீழே வேறு யாருடையவோ நகைப் பெட்டிகள். அடியில், துப்பாக்கியின் கட்டை நிற்க வேண்டிய இடத்தில், ஊரிலிருந்து வந்த வறுத்த மிளகாய்த்தூள் ஒரு பெரிய போத்தல். கதவு திறந்ததும் அதன் வாசம் அதிகாரியின் முகத்தில் அடித்தது. அவர் தும்மினார்.

"இது யாருடைய நகை?"

"இது மகளின்ர. இது மருமகளின்ர, தோர்ண்டன் ஹீத்தில இருக்கிறா. இது அவவின்ர தங்கச்சியின்ர. எங்கட ஆக்களின்ர வீடுகளுக்கு நகைக் கள்ளர் வாறது உங்களுக்குத் தெரியும்தானே? துவக்குப் பெட்டியெண்டா கள்ளன் கிட்ட வரமாட்டான். மருமகன் நல்ல யோசினை பண்ணி வாங்கினவர்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மிகவும் நிதானமாகக் கேட்டார். "சாவி இருக்கிற இடம் யார் யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வியில் என் விதி தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். மாமியின் முகத்தைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். மாமி அதைப் பார்த்தார். ஒருவரையும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். தான், மைதிலி, கஜன், கஜன் மனைவி, அவளின் தங்கை, தங்கையின் புருஷன், நாங்கள் இல்லாத நேரம் விளக்கு வைக்க வருகிற பக்கத்து வீட்டு அக்கா. இரண்டாவது கைக்குப் போகும்போது அதிகாரி, "போதும்" என்றார்.

"எல்லாருக்கும் தெரியும்" என்று மாமி பெருமையாக முடித்தார். "குடும்பம்தானே."

அதிகாரி நல்லவர். மறுப்பு வந்தால் அது காலத்துக்கும் என் பெயரில் நிற்கும், நானாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது என்று வாசலில் வைத்து இதமாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கையில் ஒரு வடை இருந்தது. மாமி வென்றுவிட்டார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கதவை மூடிவிட்டுத் திரும்பினால் மாமி கேட்கிறார்: "என்ன தம்பி, பெரிசு தருவினமாமோ?"

"இல்லை மாமி. சின்னதும் தரமாட்டினம்."

மாமி வடைத் தட்டை மூடினார். "பறவாயில்லை" என்றார் பிறகு. முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குக் கெட்டது செய்ய அவர் நினைக்கவே இல்லை. ஆனால் அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்று மைதிலி சொன்னாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போதும் கிளப்புக்குப் போகிறேன். கிளப்பின் இருபத்திரண்டைத்தான் சுடுகிறேன். கிரஹாம் சொன்னது சரி, எனக்கு அது போதும். புருவத்துப் பிறை மட்டும் மாறவில்லை. இருட்டறையில் என் முகத்துக்கு நேரே உட்காருகிறவர்கள் ஒன்றா இரண்டா என்று சொல்வதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள்.

பெட்டி அதே இடத்தில் நிற்கிறது. இப்போது அது லண்டனின் இரண்டு பக்கத்துக் குடும்பத்துக்கும் லொக்கர். போன வருடம் கஜனின் மூத்த மகனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஐயர் தாலியைக் கேட்டார். "ஐயோ, துவக்குப் பெட்டிக்குள்ள கிடக்கு" என்று கஜன் மேடையில் நின்று சொன்னான். பெண் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் தகப்பன் மெல்ல என்னிடம் வந்து, என்ன கலிபர் என்று கேட்டார்.

தாலியை எடுத்துவர என்னைத்தான் காரில் அனுப்பினார்கள். வேகமாக வீட்டுக்கு வந்து, பிள்ளையாரைத் தூக்கிப் பார்த்தேன். சாவி இல்லை. அதிகாரி வந்துபோன பிறகு, பாதுகாப்பு போதாது என்று மாமி இடத்தை மாற்றியிருந்தார். மண்டபத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஆளாளுக்கு இடம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலாலேயே சொன்னார். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கே மாமி சாவியைத் திரும்பவும் இடம் மாற்றிவிட்டார். இந்தக் குடும்பத்தில் இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.