ஆத்தா கேட்ட பெட்டி

குற்றாலநாதர் துணை

மேலகரம்

அன்புத் தம்பி விஜயசங்கருக்கு அக்காள் குழல்வாய்மொழி ஆசிகளுடன் எழுதியது. இங்கு என் இடது காது நீங்கலாக அனைவரும் நலம். உன் நலமும் நிவேதா நலமும் அறிய ஆவல்.

முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நான் நிற்கும் இடம் ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டித்தான். அங்கிருந்துதான் அம்மன் முகம் நேராகத் தெரியும். முந்தின வருடம் கொடை முடிந்து காதில் ஒரு நாள் இரைச்சல், போன வருடம் நான்கு நாள். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த தென்காசி டாக்டரம்மா, "அடுத்த தடவ இரைச்சல் நிக்காமலே போயிரலாம். போன காது திரும்பி வராதும்மா. தள்ளி நில்லுங்க, காத அடச்சுக்கோங்க" என்றார்.

நீயும் உன் கம்பெனியில் போடும் ஆரஞ்சுக் காதடைப்பானை அனுப்பினாய். வந்த வினையைக் கேள். இந்த வருடம் மதியக் கொடைக்கு அதை நசுக்கிக் காதில் வைத்தேன், ஊறின கடலை போல் உள்ளே உப்பிக்கொண்டது, மேளமெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது, அம்மனை இத்தனை அமைதியாக இருபது வருடத்தில் பார்த்ததில்லை, கண் கலங்கி நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து சாமியாடி பிச்சையா அண்ணாச்சி என் முன்னால் வந்து மைக்கில் ஏதோ கேட்கிறார், சாமி கேட்கும்போது காதைக் குடைந்து ஆரஞ்சு எடுக்கவா முடியும், விபூதி பூசத்தான் வந்திருக்கிறார் என்று நெற்றியைக் காட்டித் தலையாட்டினேன், மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன், மூன்றாம் முறை கும்பிட்டும் வைத்தேன், பெண்டுகள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். வெளியே வந்து அடைப்பானை எடுத்தால் நாத்தனார் ஜோதிலட்சுமி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்.

"மைனி, அடுத்த கொடைக்குப் பெருசா ரெண்டு பெட்டி வாங்கித் தாரேன்னு ஆத்தாகிட்ட ஒத்துக்கிட்டியளே, ஒங்க மனசு யாருக்கு வரும்!"

மைக்கில் கேட்டதால் மேலகரமே சாட்சி. உன் அத்தானோ, "ஏட்டி, காதக் காப்பாத்தப் போயி, காதத் திங்குத பெட்டியவே நேந்துட்டு வந்திருக்கியே!" என்று சிரிக்கிறார்.

ஆத்தாவிடம் சொன்ன சொல்லை மீறவும் பயம், பெட்டி வந்தால் காது போகுமே என்றும் பயம். ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, தலையாட்டியது அக்காள் அல்ல, அடைப்பான்தான் என்று அண்ணாச்சியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது. அந்தச் சனியனை இனி எனக்கு அனுப்பவே அனுப்பாதே.

உன் வீட்டில் விளக்கும் விளைச்சலும் குறையாதிருக்க அம்மனை வேண்டும்,
அக்காள்.

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். பிச்சையா அண்ணாச்சியே இப்போது வந்து போனார். நடந்ததைச் சொன்னேன், மூன்றாம் முறை கத்திச் சொன்ன பிறகே அவருக்குக் கேட்டது. "பெட்டி ஒன்னுதுன்னா, சத்தத்தக் கூட்டுத கொறைக்குத திருகு யாரு கையில தாயி இருக்கும்?" என்றார். ஆத்தா தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். பெட்டி வாங்குகிறேன். அடைப்பான் மட்டும் இரண்டு ஜோடி உடனே அனுப்பு. ஒன்று அண்ணாச்சிக்கு. மற்றது உன் அத்தானுக்கு. சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் போடப்போகும் சத்தத்தை அவர் எப்படித் தாங்குவார்?