பயப்படாதே அக்கா

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மனிதர்களை மிக அதிகமாகப் பயமுறுத்திய சொல் எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்: ‘பயப்படாதே.’

அந்தச் சொல்லின் சொந்தக்காரி, எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையின் முதலுதவி அறையைக் கவனித்துக்கொண்ட அம்மாள். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் பயப்படாதே அக்கா. ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் கிடையாது. அந்தக் குறையை ஆண்டவர் குரலில் சரிக்கட்டியிருந்தார். உலை ஓடும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. முதலுதவி அறையில் அக்கா பேசுவது கேட்கும்.

நான் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து இரும்பு வியாபாரத்துக்கு வந்த முதல் ஆள் நான்தான். நெற்றியில் திருமண்ணோடு கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம் வழியாக வந்து இறங்குவேன். சேர்ந்த முதல் வாரமே, மரப்பெட்டி ஒன்றைத் திறக்கும்போது ஆணி விரலைக் கிழித்துவிட்டது. முதலுதவி அறைக்குப் போனேன்.

“இன்னா சாமி, கைய காட்டு.”

காட்டினேன்.

“பயப்படாதே!”

அதுவரை எனக்குப் பயமே இல்லை. மேஜை மேலிருந்த எஃகுத் தட்டு அதிர்ந்தது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் பிரேக் போட்டார். எனக்கு விரல் வலி மறந்து நெஞ்சு வலிப்பது போல இருந்தது.

அக்கா பேசுவதெல்லாம் நம்ம கும்மிடிப்பூண்டித் தமிழ். இந்த ஒரு சொல் மட்டும் வேதாகமத் தமிழ். கடைசி ஏகாரத்தை இழுத்து, ஏதோ மலை மேலிருந்து சொல்வது போலச் சொல்வார். சொல்லி முடித்ததும் கண்ணை மூடி ஒரு ஜெபம். “ஆண்டவரே, இந்த சாமியோட வெரல பாத்துக்கோ. எழுதற வெரலு. ஊட்ல சம்சாரம் பாத்தா அழுவும்.” எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. சொன்னேன். கண்ணைத் திறக்காமலே திருத்திக்கொண்டார்: “அதுக்கும் ஒரு நல்ல பொண்ணா பாரு ஆண்டவரே.”

மாத்திரை கொடுத்தால் உறைக்குள் மாத்திரையோடு ஒரு வசனச் சீட்டும் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து அவரே கையால் எழுதி, வெட்டி, மடித்து வைத்தவை. எது யாருக்கு என்று பார்த்துப் போட மாட்டார், ஆண்டவர் பார்த்துக்கொள்வாராம். ஒரு தடவை வயிற்றுப்போக்கோடு போன எனக்கு, ஆறுகள் பெருகி ஓடுவதைப் பற்றிய வசனம் வந்தது.

இதெல்லாம் எங்கள் மனிதவள மேலாளருக்குப் பிடிக்கவில்லை. முதலுதவி அறையில் மருத்துவம் மட்டும் நடக்க வேண்டும், சத்தமாக ஜெபம் செய்யக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். அக்கா படித்தார். “சரி சார்” என்றார். மறுநாளிலிருந்து பேச்சே இல்லை.

அன்று காலில் சின்ன சிராய்ப்போடு போன கிரேன் ஆபரேட்டர், அக்கா வாயைத் திறக்காமல் கட்டுப் போடுவதைப் பார்த்து வெளிறிப்போனார்.

“இன்னாக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? கால எடுக்கணுமா?”

அக்கா மேலே கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார். ஆபரேட்டர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு நாளில் இப்படி நாலு பேர். மூன்றாம் நாள் மேலாளருக்கே ரத்த அழுத்தம் ஏறியது. அக்கா பட்டையைக் கையில் சுற்றினார், காற்றடித்தார், எண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். மேலாளர் வியர்த்துப்போய், “எதையாவது சொல்லித் தொலைங்கம்மா” என்றார்.

“பயப்படாதே!”

அறிவிப்பு அன்று சாயங்காலமே கிழிக்கப்பட்டது.

சத்தம்தான் எங்களுக்கு வேடிக்கை. அக்காவுக்கு அது பெரிய விஷயமில்லை. மூன்று நாள் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் நாலாம் நாள் அவர் வீட்டு வாசலில் நிற்பார். ஒருமுறை கேன்டீன்காரரை, ஊசிப்போன சோற்றைப் போட்டதற்காக எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டார். கோபத்தில் திட்டியது பாவம் என்று மனசு உறுத்தியிருக்கிறது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும், அதே குரலில்:

“நைனா, நேத்து உன்ன திட்டனது தப்பு. மன்னிச்சுக்கோ. ஆனா சோறு ஊசிப் போனது நெசம்!”

திட்டியபோது கேட்காதவர்களும் இப்போது கேட்டுவிட்டார்கள்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில்தான் பபனுக்கு அம்மை போட்டது.

பபன் பீகார்க்காரர். முப்பது வயதிருக்கும். வார்ப்புகளின் ஓரங்களைக் கிரைண்டரில் தேய்க்கும் வேலை. ஒரு நாள் காலை, நெஞ்செல்லாம் கொப்புளத்தோடு முதலுதவி அறைக்கு வந்தார். பத்து நிமிஷத்தில் விஷயம் பரவிவிட்டது. அவரோடு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்கள் வேறு இடம் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டி வந்த ஒப்பந்தக்காரர், பபனின் பையைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்து, “ஊருக்கு ரயிலேறட்டும்” என்றார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு இரண்டு நாள் ரயில். பபன் ஒரு புங்கமரத்தடியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எட்டாம் வகுப்பிலேயே அம்மை வந்து போனது. மறுபடி வராது என்று தெரியும். அப்படியும் நான் ஸ்டோர்ஸ் ஜன்னலைச் சாத்தினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா வந்து பபனின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மேலாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

“இவர எங்க ஊட்டுக்கு இட்டுகினு போறேன் சார். லீவு குடுங்க.”

“உங்களுக்கும் ஒட்டிக்கும்மா.”

“எனக்கு சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு சார்.”

ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கேன்டீன்காரர்தான் காய்கறி இறக்கிய காலி வண்டியைக் கொடுத்தார். ஏன் கொடுத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “குடுக்கலன்னா திட்டும் சார். அப்பறம் வந்து மன்னிப்பு கேக்கும். ரெண்டாவத தாங்க முடியாது” என்றார்.

அக்கா அரசு மருத்துவமனையில் காட்டி, மாத்திரை வாங்கிக்கொண்டு, கவரைப்பேட்டை பக்கம் இருந்த தன் வீட்டுக்கு பபனைக் கொண்டுபோனார். ஒரே ஓர் அறை. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, அக்கா முன்பக்கத் தாழ்வாரத்தில் பாயைப் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் வெட்கம் தாங்காமல் இரண்டு இளநீரோடு போனேன். உள்ளே ஏக ரகளை. பபனின் மனைவி ஊரிலிருந்து வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தார். அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டரோ! டரோ!”

அந்தப் பெண் இன்னும் பலமாக அழுதார்.

கொப்புளம் வலிக்க வலிக்க பபன் சிரித்தார். “அக்கா, மத்! டரோ மத்!”

‘டரோ மத்’ என்றால் பயப்படாதே. அந்த ‘மத்’தை விட்டுவிட்டால், ‘பயப்படு’. அக்கா நாலு நாளாக பபனின் குடும்பம் முழுவதையும், அந்தக் குரலில், பயப்படச் சொல்லி உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்.

பபன் பகலில் சிரித்தாலும் தூக்கம் வரவில்லை. ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டுவார்களாம். கட்டாமல் படுத்தால் அம்மைத்தாய் கோபித்துக்கொள்வாள் என்று மனசுக்குள் பயம். தயங்கித் தயங்கி அரைத் தமிழில் கேட்டார். அக்கா கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்தார். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்து, தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் கேட்டு ஒரு கொப்பு வேப்பிலை வாங்கி வந்து வாசலில் கட்டினார். வெள்ளைச் சேலை அக்கா வேப்பிலையோடு நடந்ததை அந்தத் தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பபன் அன்று மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

சனிக்கிழமை அக்காவின் சபை பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுபவர். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“வாசல்ல இன்னாம்மா இது?”

“வேப்பில பாஸ்டர்.”

“அது தெரியுது. நம்ம ஊட்ல எதுக்கு?”

“எனக்கு இல்ல பாஸ்டர், அவருக்கு. ஊரு உட்டு ஊரு வந்து படுத்துகினு கீறாரு. அந்தக் கொப்ப பாத்தாதான் கண்ண மூடறாரு. பயந்துகினு கெடக்கற ஆளாண்ட போயி, உன் பயம் தப்புன்னு எப்பிடி சொல்றது?”

“சபைல கேப்பாங்களே.”

“கேக்கட்டும். நானும் ஆண்டவராண்ட கேட்டுகினுதான் கீறேன். வேணாம்னு அவர் சொல்லல.”

சபையில் கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வருஷக்கணக்கில் நடத்திவந்த பெண்கள் ஜெபக்குழுவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அக்கா அதை என்னிடம் சொன்னபோது குரல் எழும்பவேயில்லை. “நான் ஆரம்பிச்சது சாமி அது. மூணு பேரா இருந்தோம்.” அவரிடம் இப்படி ஒரு மெல்லிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பபனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுச் சட்டை போட்டு, அக்காவே கம்பெனி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அதற்கு நாலாம் நாள் அக்காவுக்கு அம்மை போட்டது.

நான் ஓடினேன். முகமெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருந்தார்.

“சின்ன வயசுலயே வந்துடுச்சுன்னு சொன்னீங்களே அக்கா!”

“பொய்தான் சாமி. இல்லன்னா உட்டிருப்பாங்களா?” மூச்சு வாங்கியது. “அதுக்கு தனியா மன்னிப்பு கேட்டுட்டேன். ஆனா அவ்ளோ வருத்தமா கேக்க முடியல.”

அந்த வயதில் அம்மை விளையாட்டில்லை. காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கூடூரில் இருந்த மகள் நிறைமாதம். வரவே கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார். பபன்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்தார். நான் ஷிப்ட் முடிந்ததும் தினமும் போனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டார். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

“சாமி, ஒரு ஜெபம் பண்ணு.”

வெளியே கேட்டருகே பாஸ்டர் நின்றிருந்தார். அவருக்கு அம்மை வந்ததில்லை, வீட்டில் கைக்குழந்தை. உள்ளே வரக் கூடாது என்று அக்காவின் உத்தரவு.

“எனக்கு அதெல்லாம் தெரியாதே அக்கா.”

“தெரிஞ்ச மாதிரி பேசு. கேப்பாரு.”

எங்கள் வீட்டில் பாசுரம் சொல்வோம். சொந்த வார்த்தையில் கடவுளோடு பேசிப் பழக்கமில்லை. கைகட்டி நின்றேன். எனக்கு வந்தது கம்பெனி பாஷைதான்.

“ஆண்டவரே, எங்க முதலுதவி ரூம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. ரூம் பூட்டிக் கிடக்குது. எல்லாரும் ரொம்பச் சிரமப்படறோம். தயவு செய்து சீக்கிரம் அனுப்பி வைக்கும்படி தாழ்மையோட கேட்டுக்கறேன்.”

அக்காவின் வயிறு குலுங்கியது. பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சாமி, ஆண்டவருக்கு லெட்டர் போடறியா? இப்படிக்குன்னு சொல்லல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியேயிருந்து பாஸ்டர் தெளிவாக, “ஆமென்” என்றார்.

அதற்கு மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. காரணம் மாத்திரையா, கஞ்சியா, என் விண்ணப்பமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுவாரம் பெண்கள் ஜெபக்குழு அக்காவின் வீட்டு வாசலில் கூடியது. பாஸ்டரே நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார். கழுவி உடுத்திய வெள்ளைச் சேலையில், முகமெல்லாம் வடுவோடு, அக்கா நடுவில் உட்கார்ந்து நடத்தினார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அன்று காலை முதலுதவி அறை வாசலில் பெரிய வரிசை. கிரேன் ஆபரேட்டருக்குத் தலைவலி, கேன்டீன்காரருக்கு முழங்கால், மேலாளருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கூட வந்து, தரையைப் பார்த்தபடி, தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார். அக்கா அவருக்கு வெந்நீர் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பினார். வந்தவர்கள் ஒருவருக்கும் ஒரு நோயும் இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் நான் நின்றேன்.

“உனக்கு இன்னா சாமி?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லாம எதுக்கு வந்த?”

“சும்மா உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு.”

அக்கா நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். ஸ்டோர்ஸில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.