ஐம்பது பேரும் இருபதுக்கு இருபது

"ஐம்பது பேரும் இருபதுக்கு இருபதா?" என்று ஜெயசுதா மேடம் கேட்டபோது, மஞ்சுளா அதைப் பாராட்டு என்றே நினைத்தாள்.

"ஆமா மேடம். நம்ம பசங்க கெட்டி."

"இன்னா கெட்டி? பரீட்சை என்னைக்குன்னே தெரியாதவனுங்க. ஒருத்தன்கூட ஒரு தப்புப் பண்ணலைன்னா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா. திரும்பச் செய்."

வில்லியனூர்ப் பக்கத்துக் கல்லூரியில் மஞ்சுளா சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. கல்லூரி மாணவர்களுக்குக் கொரோனாவைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதுதான் அவள் ஆய்வு. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், சரியானதற்கு டிக் போட வேண்டும். மாணவர்களைப் பிடிக்கக் கேன்டீனைவிட நல்ல இடம் கிடையாது என்று தாள்களை அங்கே கொடுத்து வைத்தாள். அங்கே டீ போடும் தனக்கொடி அக்கா மாலையில் ஐம்பதையும் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்பித் தந்தார். இன்னும் பத்து நாளில் ஆய்வு வழிகாட்டியான மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த ஆண்டு பட்டம் கிடையாது.

மஞ்சுளா அசரவில்லை. கேள்விகளைக் கடினமாக்கினாள். பாதுகாப்பு உடையில் முதலில் எதைக் கழற்ற வேண்டும், குப்புறப் படுக்கவைத்தால் நோயாளிக்கு என்ன நன்மை என்றெல்லாம் கேட்டாள். நர்சாக இருக்கும் அவள் பெரியம்மா மகளே இரண்டு கேள்விகளில் திணறினாள்.

தாள்கள் மறுபடி கேன்டீனுக்குப் போய் வந்தன. ஐம்பது பேரும் மறுபடி இருபதுக்கு இருபது.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லு. வூட்டுல குந்திக்கினு நீயே டிக் போட்டியா?"

"எங்க நெலத்துல கரும்பு வெட்டற பதினாலு பேருக்கு சோறாக்கவே எனக்கு நேரம் இல்ல மேடம்!" என்றாள் மஞ்சுளா. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அன்றே ஒரு பொறி வைத்தாள். கொரோனா எதனால் பரவுகிறது என்ற கேள்விக்குக் கீழே கொசு, ஈ, பல்லி, பக்கத்து வீட்டுப் பூனை என்று நான்கும் தப்பான பதில்களாகப் போட்டாள். காப்பியடிக்கிறவன் எதிலாவது மாட்டியே தீர வேண்டும்.

ஐம்பது தாளிலும் அந்தக் கேள்வி மட்டும் வெறுமையாக இருந்தது. மற்ற பத்தொன்பதும் சரி.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சிட்டேம்மா." செய்தி முதல்வர் காதுக்குப் போயிற்று. மறுநாள் கல்லூரி வாசலில் பேனர்: 'கொரோனா அறிவில் நூற்றுக்கு நூறு!'

வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த அருள்தாஸ் சார் அந்த பேனரை நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"அந்த ஐம்பது பேர்ல ஒருத்தரக் கூப்பிடும்மா. கை குடுக்கணும்."

மஞ்சுளா துள்ளிக்கொண்டு ஓடினாள். கேன்டீனில் கேரம் ஆடிக்கொண்டிருந்த வகுப்புத் தோழன் பிரிட்டோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி, எதுக்கு?"

"பேசாம வாடா. தாளுல போட்டத அப்டியே சொன்னா போதும்."

"எந்தத் தாளு?" என்று அவன் கேட்டது அவள் காதில் விழவில்லை.

அருள்தாஸ் சார் எழுந்து கைகொடுத்தார். "ஆக்சிஜன் அளவு எவ்ளோவுக்குக் கீழ போனா ஆபத்து தம்பி?"

பிரிட்டோ மின்விசிறியைப் பார்த்து யோசித்தான். "முப்பத்தஞ்சு சார். அதுக்குக் கீழ போனா ஃபெயிலு."

"சரி... கொரோனா எப்படிப் பரவும்?"

"கொசு சார்," என்றான் உறுதியாக.

ஜெயசுதா மேடம் மஞ்சுளாவைப் பார்த்த பார்வையில் இரண்டு வருடப் படிப்பும் கரைந்துகொண்டிருந்தது.

"சார், சத்தியமா நான் ஒரு டிக் கூடப் போடல," என்றாள் மஞ்சுளா.

டீத் தட்டோடு உள்ளே வந்த தனக்கொடி அக்கா, தம்ளர்களை மேசையில் நிதானமாக வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிரிட்டோவின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ளைங்கள வுடுங்க சார், ரெண்டு வருசம் கொரோனா வார்டுல வேலை பாத்தவ நானு, எவனும் தொடாத நூத்தம்பது தாளுக்கும் டிக் போட்டதும் நான்தான், எதுனா கேக்கணும்னா என்னைக் கேளுங்க."