ஐந்து அங்குலம் உயர்ந்த ஜீப்

எங்கள் ஜீப்பை ஐந்து அங்குலம் உயர்த்துவது என்று 2009ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில் முடிவு செய்தேன். ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று, உண்மையான காரணம் வேறு. இரண்டையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் மனைவியிடம் போய்ச் சொன்னாலும் பரவாயில்லை. அவளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

ஊருக்குச் சொன்ன காரணம், பிச்சாவரம் பக்கம் சேற்றிலும் மணலிலும் அடி தட்டாமல் வண்டி ஓட்ட வேண்டும் என்பது.

உண்மையான காரணம் என் மாமியார் கொளஞ்சியம்மாள்.

எனக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை, சிதம்பரத்தில் வீடு. வாரத்தில் ஆறு நாள் ஷிஃப்ட். ஏழாவது நாள் தூங்கலாம் என்று பார்த்தால், அன்றுதான் மாமியாரை ஸ்ரீமுஷ்ணம் பெருமாளிடம் அழைத்துப் போக வேண்டும். மாமியாரின் ஊர் பிச்சாவரம் போகிற வழியில், ஒரு தரைப்பாலத்தைத் தாண்டி இருக்கிறது. கோவிலோ நேர் எதிர்த் திசையில். கிழக்கே போய் அவரை ஏற்றி, மேற்கே போய்ப் பெருமாளைக் காட்டி, மறுபடி கிழக்கே போய் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தால் திங்கட்கிழமை வாசலில் நிற்கும்.

பதினொரு வருஷமாக இப்படித்தான். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை அமைந்தால் ஞாயிறுதோறும் வந்து சேவிப்பதாக அவர் வேண்டிக்கொண்டாராம். அமைந்தவன் நான். பெருமாளின் பெயரே எனக்கும்: பூவராகன். வேண்டுதல் பலித்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வருஷத்தில் ஆறேழு வாரம் மட்டும் எனக்கு விடுதலை. மழைக்காலத்தில் தரைப்பாலத்தை வெள்ளம் மூடிவிடும். வண்டி போகாது. மற்ற நாற்பத்தைந்து வாரமும் நான் கொட்டாவி விட்டுக்கொண்டே பெருமாளைச் சேவித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஜீப்பில் ஏறுவதைக் கவனித்தேன். கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். நூலிழையில் படிக்கட்டு எட்டியது. இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் எட்டியிருக்காது. வீட்டுக்கு வந்து டேப்பால் அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைத்தேன்:

அத்தை – 18. வண்டி – 18. தேவை – 23.

எப்படி உயர்த்துவது என்று எனக்குச் சொன்னவன் பக்கத்து வீட்டு ஜெயப்பிரகாஷ். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். வெளிநாட்டு ஜீப்புகளின் படங்களைக் காட்டினான்.

"பாருங்க மச்சான். எப்படித் தூக்கிவிட்டிருக்கான்! பாற மேல ஏறுது."

"நம்ம பக்கம் பாறை ஏதுடா?"

"சேறு இருக்குல்ல? பாறையில ஏறுறது சேத்துல எறங்காதா?"

"யாரு தூக்குறது?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்கறீங்க? பத்து வயசுலயே மெக்கானிக் வேல கத்துக்கிட்டேன்னு நீங்கதான் தெரு பூரா சொல்லி வச்சிருக்கீங்க."

சொன்னது வாஸ்தவம். விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில், கோடை விடுமுறையில், ஒரு பட்டறையில் இருபது நாள் இருந்தேன். நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவிய நட்டுகளை வெயிலில் காயவைத்தேன். இருபத்தொன்றாம் நாள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள்.

மனைவி மகேஸ்வரியிடம் அன்றே அறிவித்தேன்.

"மகேசு, ஜீப்ப தூக்கப் போறேன்."

"எதுக்கு மாமா?"

"ரோடு இல்லாத எடத்துலல்லாம் போவலாம்."

"ரோடு இருக்கற எடத்துக்குப் போறதுக்கே அலுத்துக்கிறீங்க."

"அது வேற, இது வேற."

"செய்யிங்க. யாரு வேணான்னா?"

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வேலை இதுதான். ஜீப்பின் அடியில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் இரும்பு அச்சு இருக்கிறது. எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், அந்த அச்சுக்குக் கீழே கட்டியிருக்கும். அதை அவிழ்த்து அச்சுக்கு மேலே வைத்துக் கட்டினால் வண்டி உயர்ந்துவிடும். ஜெயப்பிரகாஷ் காட்டிய படத்தில் ஒருவன் இதைச் சிரித்துக்கொண்டே செய்தான். எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வண்டி கழற்றிக் கிடந்ததால் அந்த நான்கு வாரமும் கோவில் பயணம் இல்லை. தூக்கத்துக்காகத் தொடங்கிய வேலையில் முதலில் போனது தூக்கம்தான்.

நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். மகேஸ்வரி பக்கத்தில் முறம் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வாள்.

"பத்தொம்போதாம் நம்பர் ஸ்பேனர் குடு" என்று கையை நீட்டினேன்.

கையில் வந்தது இருபத்தொன்று. நட்டில் பொருந்தியதும் இருபத்தொன்றுதான். பாவம், நம்பர் தெரியாமல் எடுத்துவிட்டாள், என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, பிரேக் ஆயில் போற ரப்பர் குழா பத்துமா? வண்டி ஒசந்தா அது இழுத்துக்கும்ல?"

"ரப்பர்னா இழுத்தா நீளும் மகேசு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்கு என்னத்தப் புரியுது? தையல் தெரிஞ்சவளுக்கு, நாடா பத்தலன்னா பத்தலன்னுதான் தோணும்."

தையல் அவளுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அவள் வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். பதினொரு வருஷத்தில் அவள் ஒரு பொத்தான்கூடத் தைத்து நான் பார்த்ததில்லை. அதையும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு ஜீப் தயார். மகேஸ்வரியும் நானும் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றோம். மாமியார் பூக்கூடையோடு வந்தார். கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார்.

"ஏன் மாப்ள, வண்டி எப்ப வளந்துச்சு?"

"எல்லாம் வசதிக்குத்தான் அத்தை."

"வசதி ஏறுன பிற்பாடா? ஏறுறதுக்கு முன்னயா?"

முகத்தை வருத்தமாக வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. மகேஸ்வரி, "பரவால்ல விடும்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் மட்டும் கால் வளரவா போகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காலை பத்து மணிக்குப் படுத்தவன், மாலை நாலரை மணிக்கு எழுந்தேன். என் திருமண வாழ்க்கையின் பொன்னாள் அது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தரைப்பாலம் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு இரட்டைக் காப்பு. மாமியாராலும் ஏற முடியாது, வண்டியாலும் போக முடியாது. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மகேஸ்வரி போர்வையை உருவினாள்.

"எழுந்திருங்க மாமா. அம்மா காத்துக்கிட்டிருக்கும்."

"பாலத்துல தண்ணி."

"தெரியும். ஒன்ற அடி. ஓட்டமில்ல, தேங்கித்தான் நிக்குது. அம்மா போன்ல சொல்லிச்சு."

"ஒன்ற அடித் தண்ணியில வண்டி போவாது."

"முன்ன போவாது. இப்பதான் தூக்கி வச்சிருக்கீங்களே."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"போனாலும் அத்தையால ஏற முடியாதே மகேசு. போன வாரம் நீதான் பாத்தியே."

அவள் வாசலுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ஜீப்பின் பக்கத்தில் இரும்பில் இரண்டு படிகள் தொங்கின. வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது மடக்கலாம். வெல்டிங் கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

"யாரு செஞ்சது?"

"நான்தான். நீங்க ஷிஃப்டுக்குப் போயிருந்தப்ப."

"உனக்கு வெல்டிங் தெரியுமா?"

"அப்பா பட்டறையில எட்டு வயசுலேர்ந்து ஸ்பேனர் புடிச்சவ நான்."

காலமான என் மாமனார் கடலூர் ஓல்ட் டவுனில் லாரிப் பட்டறை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பட்டறையில் மகளும் இருந்தாள் என்பது தெரியாது.

"ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"பொண்ணு லாரிக்கு அடியில படுத்து வேல செய்யும்னு சொன்னா எவன் கட்டிக்குவான்னு, அம்மாதான் தையல் தெரியும்னு சொல்லி வச்சிது. அப்புறம் நீங்க நட்டு கழுவுனத மெக்கானிக் வேலன்னு அவ்ளோ ஆசையா சொன்னீங்க. பாவம்னு விட்டுட்டேன்."

"நட்டு கழுவுனது உனக்கெப்படி..."

"நட்டு கழுவுனவங்க மட்டுந்தான் மாமா ரப்பர் நீளும்னு சொல்லுவாங்க. நீளமான குழா வாங்கி, போன ஞாயித்துக்கெழம நீங்க தூங்குறப்ப மாத்திட்டேன்."

பிறகு, இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். காலண்டர் தாள். 'தேவை – 23' என்பதற்குக் கீழே அவள் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது:

படி இரண்டு. போதும்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுபோய், கூட்டம் கரையில் நின்றது. ஜீப் தண்ணீருக்குள் இறங்கி, தும்மாமல் நடந்து, அந்தக் கரை ஏறியது. கூட்டம் கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கட்டிய ஸ்பிரிங் நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் என் கஷ்டகாலம்.

மாமியார் இரண்டு படியில் வீட்டு மாடிக்குப் போவதுபோல ஏறினார். பின்னால் இன்னும் ஏழு பேர் ஏறினார்கள்.

"இவுங்கல்லாம் யாரு அத்தை?"

"நம்ம தெரு சனம்தான் மாப்ள. மழைக்கு பஸ்ஸு வராதுன்னு அழுதாங்க. எங்க மாப்ள வாராவாரம் வருவாருன்னு சொல்லிட்டேன்."

ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாளுக்கு எதிரே நின்று மாமியார் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சாமி பூமியத் தூக்குனாரு. அந்தப் பேரு வச்சதுக்கு எங்க மாப்ள ஜீப்பத் தூக்கியிருக்காரு."

எட்டுப் பேரையும் மறுபடி தண்ணீர் தாண்டி இறக்கிவிட்டு வீடு வரும் வழியில், மெதுவாக ஆரம்பித்தேன்.

"மகேசு, வண்டி ரொம்ப ஆடுது. பழையபடி எறக்கிடலாம்னு பாக்கறேன்."

"எறக்குங்க மாமா. ஒங்களுக்கு நாலு ஞாயித்துக்கெழம ஆவும். நான் சனிக்கெழம ஒரே நாள்ல திரும்பத் தூக்கிடுவேன்."

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். சிதம்பரத்திலிருந்து சிப்காட் வரை ஐம்பது நிமிஷம் தூங்கலாம். இனி எனக்கு ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான்.